மின்சாரத் தொழிலும் நம் கிராமத்து வாலிபரும்

(மீஞ்சூர் வட்டாரப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)



நாம் அமர்ந்திருக்கும் இவ்விடத்திலிருந்து தென்கிழக்கே நோக்கினால் அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகின்றன. அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் உங்கள் வயல்களின் மேலாகவே, 230 ஆயிரம் வோல்ட்டிலும் 400 ஆயிரம் வோல்ட்டிலும், பெரிய கோபுரங்கள் வழியே நாடெங்கும் செல்கின்றது. கோபுரங்களுக்கு நிலம் கொடுத்தவர்கள் நீங்கள். கொசத்தலையாற்றில் சாம்பல் கலந்ததையும் எண்ணூர்க் கழிமுகத்தில் மீன்வளம் குன்றியதையும் கண்ணாரக் கண்டவர்களும் நீங்களே. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்கு அது. ஆயினும், அந்நிலையத்தின் வாயிலுக்குட் சென்று, மீட்டரைக் கையிற் பிடித்து நிற்பவரை "எந்த ஊர் ஐயா?" என்று கேட்டால், பெரும்பாலும் வேறொரு ஜில்லாவின் பெயரோ வேறொரு மாநிலத்தின் பெயரோ விடையாக வருகின்றது. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே இல்லாமலில்லை. இருக்கிறார்கள்; ஆனால் கரி அள்ளுபவராகவும், மண் வெட்டுபவராகவும், ஒப்பந்தக்காரரின் கூலியாட்களாகவும் இருக்கிறார்கள். இது ஏன் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச வந்தோம்.

இக்கடற்கரைக்குத் தொழில் புதிதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. சென்னை நகருக்கு விளக்கேற்றிய பேசின் பிரிட்ஜ் மின் நிலையம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தனியார் கம்பெனியால் நிறுவப்பெற்று, 1947இல் சர்க்கார் வசமாயிற்று. சுதந்திரத்திற்குப் பின்னர் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும், எண்ணூரில் லாரியும் உற்பத்தியாகத் தொடங்கின. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை வந்தது. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் யந்திரம் ஓடத் தொடங்கியது. 1994 முதல் வடசென்னை அனல் மின் நிலையம், 2001இல் கரி இறக்குவதற்கென்றே எழுந்த எண்ணூர்த் துறைமுகம், அதன்பின் வல்லூர் நிலையம், 2024இல் வடசென்னையின் 800 மெகாவாட் மூன்றாம் நிலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன.

முன்னாளில் இவ்வாலைகளில் வேலை கிடைத்த விதம் உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். தந்தை தன் மகனைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று மேஸ்திரியிடம் ஒப்படைப்பார். மகன் உதவியாளாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, கண்ணாற் கண்டு, கையாற் செய்து, சில ஆண்டுகளில் தொழிலாளியாகி விடுவான். அந்த வாயில் இன்று அடைபட்டு விட்டது. அன்றியும், அவ்வாறு கற்ற தொழில் அந்த ஆலையோடு கட்டுண்ட தொழில். 450 மெகாவாட் திறனுடைய எண்ணூர் நிலையம் 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தோடு மூடப்பட்டதை நாம் கண்டோம். ஓர் ஆலையின் யந்திரத்தை மட்டும் அறிந்தவனுக்கு அந்த ஆலை மூடினால் அடுத்த வாயிலில் காட்டுவதற்கு ஒன்றும் இராது. தேசியச் சான்றிதழ் பெற்றவனோ அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்கும் போகலாம், நெய்வேலிக்கும் போகலாம், துபாய்க்கும் போகலாம்.

பெற்றோர் பலரிடம் ஒரு தவறான எண்ணம் இருப்பதை இங்குக் கூறவேண்டும். மின் நிலையம் என்றால் கரண்டு வேலை ஒன்றே என்று எண்ணுகின்றனர். கப்பலில் வந்த கரி நெடிய பெல்ட்டின் மேல் ஊர்ந்து வந்து, அரைவையில் முகத்துக்குப் பூசும் மாவைப்போல் பொடியாகி, கொதிகலனில் எரிகின்றது. அந்த அனலில் நீர் ஆவியாகி, அவ்வாவி விசிறியைப் போன்ற டர்பைனை நிமிஷத்துக்கு 3000 சுற்று சுழற்றுகின்றது. 3000ஐ அறுபதால் வகுத்தால் 50. அதுவே ஐம்பது சைக்கிள் என்பது. உங்கள் கிணற்று மோட்டாரின் தகட்டில் 2880 என்றோ 1440 என்றோ பொறித்திருக்கக் காண்பீர்கள். அந்த டர்பைனின் சுழற்சியைத்தான் சற்றே பின்தங்கி உங்கள் மோட்டார் பின்பற்றுகின்றது. இவ்வளவு நீண்ட வரிசையில் மின்சாரம் கடைசியில்தான் வருகின்றது. அதற்கு முன்னே குழாய்களை இணைக்க வெல்டர் வேண்டும். பம்புகளைப் பிரித்துப் பூட்ட ஃபிட்டர் வேண்டும். வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் கருவிகளைச் செப்பனிட இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக் வேண்டும். ஆகவே மகனுக்கு எலக்ட்ரீஷியன் பிரிவில் இடம் கிடைக்கவில்லை என்று படிப்பையே விட்டுவிடுதல் பெருந்தவறு.

இனிப் பயிற்சி நிலையங்களைப் பற்றிச் சொல்வோம். ஐ.டி.ஐ. என்று நாம் அழைக்கும் தொழிற்பயிற்சி முறை 1950ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரால் தொடங்கப்பட்டது. வடசென்னையிலும் அம்பத்தூரிலும் அரசினர் நிலையங்கள் உள்ளன. எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பே போதும். இரண்டும் ஈராண்டுப் பயிற்சிகள். ஆண்கள் 14 முதல் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு மேல்வயது வரம்பே இல்லை. அரசினர் நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. தமிழகத்தின் 71 அரசினர் நிலையங்களில் 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதிய யந்திரங்களும் கணிப்பொறிக் கருவிகளும் நிறுவும் திட்டம் 2023இல் செயலுக்கு வந்தது. பழைய லேத்தும் ராவும் மட்டுமே அங்கிருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

ராவைப் பற்றிச் சொன்னோம். ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறோம். எலக்ட்ரீஷியன் பிரிவில் சேரும் மாணவனிடம் தொடக்க மாதங்களில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, ராவிச் சதுரமாக்கு என்கிறோம். "கரண்டு படிக்க வந்தால் இரும்பைத் தேய்க்கச் சொல்கிறார்கள்" என்று வீட்டில் முறையிட்டு, ஒரு மாதத்திலேயே நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. அளவிலே கூர்மையும் கையிலே நிதானமும் வந்த பின்னரே மின்சாரத்தை அவன் கையில் கொடுக்கலாம். இரும்பு தவறினால் இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். இதைப் பெற்றோர் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்வார்களாயின் எங்கள் வேலை பாதி குறையும்.

ஐ.டி.ஐ. முடித்ததும் படிப்பு நிறைவெய்துவதில்லை. பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. வேலைக்குச் செல்ல விரும்புவோர்க்கு அப்ரண்டிஸ் பயிற்சி உண்டு. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டமும் 2019இல் திருத்தப்பட்ட அதன் விதிகளும் கூறுவது யாதெனில், முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஒவ்வொரு தொழில் நிறுவனமும், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்த தன் ஆட்கணக்கில், நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து பேர் வரை அப்ரண்டிஸ்களாக எடுத்தாக வேண்டும் என்பதே. மணலியிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இத்தகைய ஆலைகள் எத்தனை இருக்கின்றன என்பதை நீங்களே அறிவீர்கள். ஓர் ஊர்ப் பஞ்சாயத்து, "எங்கள் ஊரில் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் இத்தனை பேர்; இந்த ஆண்டு நீங்கள் எத்தனை அப்ரண்டிஸ் எடுக்கிறீர்கள்?" என்று பக்கத்து ஆலைக்குக் கடிதம் எழுதினால், அது இரந்து நிற்பதாகாது, சட்டத்தில் உள்ளதைக் கேட்பதே ஆகும்.

மின் வாரிய வேலையையும் பார்ப்போம். 2025ஆம் ஆண்டில் 1,794 கள உதவியாளர் பதவிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் விண்ணப்பம் கோரியது. கேட்ட தகுதி, மின்சாரப் பிரிவுகளில் ஐ.டி.ஐ. சான்றிதழ். கம்பம் ஏறுவதில் நம் வாலிபருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டுவதில்லை. பனையும் தென்னையும் ஏறிப் பழகிய கால்கள் அவை. ஆனால் சான்றிதழ் இல்லாதவரால் அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யவே இயலவில்லை. திறமையை அளக்கும் இடத்துக்கு அவர்கள் போய்ச் சேரவேயில்லை என்பதுதான் வருந்தத் தக்கது.

இங்கே ஒருவர் எழுந்து, "எங்கள் ஊர்ப் பிள்ளை பள்ளிக்கூடமே போகவில்லை; ஆனால் ஊரிலுள்ள அத்தனை வீட்டுக்கும் அவன்தான் வயரிங் செய்தான். அவனுக்கு என்ன வழி?" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அத்தகையோர்க்கென்றே மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என ஒன்று அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்தப்பட்டு வருகின்றது. அதற்குப் பள்ளிப் படிப்பு ஒரு நிபந்தனை அன்று. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வயரிங் வேலையில் ஐந்தாண்டுக்குக் குறையாத அனுபவம் இருக்க வேண்டும். தேறியவர் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழுக்கு உரியவராகிறார். இத்தேர்வு இருப்பதையே பல கிராமங்கள் அறியவில்லை. அறிவிப்பு செய்தித்தாளின் ஒரு மூலையில் வருகின்றது; நம் வயரிங் பிள்ளையோ அந்நேரம் எவர் வீட்டுச் சுவரிலோ குழாய் பதித்துக்கொண்டிருக்கிறான். அறிவிப்பு வந்ததும் அவனைத் தேடிச் சென்று சொல்லும் பொறுப்பைப் பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் ஏற்றுக்கொண்டால் போதும்.

சான்றிதழ் வெறும் காகிதந்தானே, வேலை தெரிந்தால் ஆயிற்று என்பாரும் உண்டு. அவர்களுக்காக நாங்கள் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். ஊரின் பெயர் வேண்டாம். நெல் கதிர் பிடிக்கும் சமயம். டிரான்ஸ்பார்மரில் பீஸ் போய்விட்டது. தகவல் சொல்லியும் ஆள் வரக் காணோம். இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள், அந்த ஊரில் எல்லோருக்கும் வேண்டியவனான பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார்கள். கெட்டிக்காரன். மோட்டார் காயில் கட்டுவான். ஸ்டார்ட்டரைப் பிரித்துப் பூட்டுவான். அவன் ஏ.பி. சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தான்; சத்தம் கேட்டது; ஏறினான். மூன்று கம்பிகளுக்கும் உரிய மூன்று கத்திகளில் இரண்டு மட்டுமே திறந்திருந்தன. மூன்றாவது துருவேறிச் சிக்கிக்கொண்டு மூடியபடியே இருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. 11 ஆயிரம் வோல்ட். உயிர் பிழைத்தான், வலக்கை போயிற்று.

பயிற்சி பெற்றவன் என்ன செய்திருப்பான்? சுவிட்சை இழுத்ததும் மூன்று கத்திகளும் திறந்தனவா என்று கீழே நின்றே எண்ணியிருப்பான். பின்பு மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்திருப்பான். அதன் பின்னும் நம்பாமல், எர்த் ராடை மாட்டி, மூன்று கம்பிகளையும் பூமியோடு இணைத்த பிறகே கை வைத்திருப்பான். இம்மூன்றும் செய்ய ஐந்து நிமிஷம் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரியத்தின் டிரான்ஸ்பார்மரை வாரிய ஊழியரன்றிப் பிறர் தொடலாகாது என்பதை அறிந்து ஏறாமலே இருந்திருப்பான். அந்தப் பையனை ஏறச் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்லர். பயிர் வாடுவதைக் காணப் பொறாத குடியானவர்கள். நம்மிற் பலரும் அவர்கள் நிலையில் அவ்வாறே செய்திருப்போம். அதனாற்றான் இதை இத்தனை விரிவாகச் சொல்கிறோம். இத்தகைய வேளைகளில், 2021இல் தொடங்கப்பட்ட மின்னகம் என்ற சேவைக்கு, 94987 94987 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும் புகார் கூறலாம். ஒருவர் கூறுவதைவிட ஊரில் பத்துப் பேர் கூறுவது நல்லது.

தமிழகத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. எத்தனை மோட்டார் கொட்டகைகளில் எர்த் கம்பி உண்மையிலேயே பூமிக்குட் செல்கின்றது என்று இன்று மாலை வீடு திரும்பும்போது பாருங்கள். சிலவற்றில் அது சுவரோடு நின்றுவிடும். சிலவற்றில் எருமை கட்டும் முளையில் சுற்றியிருக்கும். மனித உடலில் முப்பது மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. ஒரு சிறு விளக்கு எரிவதற்கு வேண்டுவதிலும் குறைந்த அளவு அது. ஒழுகும் கரண்டு அந்த அளவை எட்டுமுன் தானே துண்டித்துவிடும் கருவி கடைகளில் கிடைக்கின்றது. அதை முறைப்படி பொருத்தத் தெரிந்த ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். மின் நிலையத்துக்கு மட்டுமன்று, உங்கள் கிணற்றடிக்கும் பயிற்சி பெற்ற பிள்ளை வேண்டும் என்று நாங்கள் கூறுவது இதனாலேயே.

உயரத்தில் செய்யும் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி, எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையத்தின் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர் மாண்டனர். வயிற்றுப் பிழைப்புக்காக வெகு தொலைவிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் அவ்விடத்தில் வேலை செய்யவேண்டும் என்று கேட்கும் நாம், பெல்ட்டும் ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பயிற்சியும் யார் பிள்ளைக்கும் குறைவின்றிக் கிடைக்கவேண்டும் என்றும் சேர்த்தே கேட்கவேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்கள் எங்களிடம் தனியே வந்து கேட்பதுண்டு: "கம்பத்தில் ஏறச் சொல்வார்களோ?" மின்சாரத் தொழில் கம்பத்தின் உச்சியில் மட்டும் இல்லை. சுவிட்ச் போர்டுகளை இணைத்தல், மீட்டர்களைச் சோதித்தல், கட்டுப்பாட்டு அறையில் கருவிகளைக் கவனித்தல் முதலியனவும் இத்தொழிலே. காயில் கட்டுவதில் நூற்றுக்கணக்கான சுற்றுகளை எண்ணிக்கை பிசகாமல் சுற்றவேண்டும். பூத்தொடுக்கும் விரல்களுக்கு அது வெகு எளிதில் வருவதை வகுப்பில் காண்கிறோம். ஏற விரும்பும் பெண்ணுக்கும் தடையில்லை.

இனி வரும் காலத்தில் கரியின் பங்கு குறைந்து, சூரிய ஒளியின் பங்கு வளரும். விவசாயப் பம்புகளுக்கான குசும் திட்டம் 2019இலும், வீட்டுக் கூரைகளுக்கான திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. சூரிய மின்சாரத்துக்கென ஐ.டி.ஐ.யில் ஓராண்டுப் பிரிவு ஒன்றும் இருக்கின்றது. வீட்டு மின்சாரத்தில் மெயினை அணைத்துவிட்டால் அதற்கப்பால் உள்ள கம்பிகள் அடங்கிவிடும். சூரியத் தகடோ வெயில் உள்ளவரை அடங்காது. அதன் கம்பியில் எந்நேரமும் கரண்டு நிற்கும். பழைய வயரிங் பழக்கத்தையே நம்பிக் கூரை ஏறுவோர் இதை அறியாமல் துன்புறுகின்றனர். ஆகையால் இத்தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களும் மீண்டும் சில நாள் மாணவராக வேண்டியிருக்கின்றது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. மே 1ஆம் தேதி நடைபெறும் கிராம சபையில், வரவு செலவும் குடிநீரும் பேசி முடிந்த பின்னர், ஊரில் எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் நின்ற பிள்ளைகளின் பட்டியலை ஒருவர் எடுத்துரைக்கட்டும். அவர்கள் வெட்கமுறும்படியாகவன்று, வீடு தேடிச் சென்று சொல்வதற்காக. ஐ.டி.ஐ. சேர்க்கை கோடையிலேயே தொடங்கிவிடுவதால் அதற்கு முன் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவை கையில் இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் ஒன்றுக்காக ஓராண்டை இழந்த பிள்ளைகளை நாங்கள் அறிவோம். அன்றியும், பஞ்சாயத்து தானே தெருவிளக்குக்கும் மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கும் ஆள் வைக்கும்போது, அவரிடம் மின்கம்பியாளர் சான்றிதழைக் கேட்கட்டும். இல்லையென்றால் அவரையே அடுத்த தேர்வுக்கு அனுப்பி வைக்கட்டும்.

இப்போது பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு மோட்டார் கொட்டகைப் பலகையை எங்கள் மாணவர்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மெயின், ஸ்டார்ட்டர், எர்த், கசிவைத் துண்டிக்கும் கருவி எல்லாம் அதில் உண்டு. எர்த் இருக்கும்போதும் இல்லாதபோதும் என்ன நேருகின்றது என்பதை இருவரும் செய்து காட்டுவார்கள். அவர்களில் ஒருத்தி எட்டாம் வகுப்போடு நின்றிருந்தவள், அவளிடமே கேளுங்கள். பலகைக்கு இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. எனினும் கொடுத்திருப்பதாகவே எண்ணிக்கொண்டு, குழந்தைகளைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு வாருங்கள்.